23 பேர் ஆடும் மகளிர் ஒற்றையர் பிரிவுக்கு டிரா போடுவது எப்படி? தொழில்முறைப் போட்டிகளில் என்ன செய்கிறார்கள்?

சாட்ஸ்வர்த் செயலாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் எங்கள் வட்டாரத்தில் உள்ள சில தமிழ்ச் சங்கங்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் டென்னிஸ் போட்டியில், இம்முறை மகளிர் ஒற்றையர் பிரிவை நடத்தித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 23 பெயர்கள் பதிவாகியுள்ளன. பதிவு முடிந்துவிட்டதால் இந்த எண்ணிக்கை இனிக் கூடாது. சனி, ஞாயிறு என இரண்டு நாள்கள், இரண்டு ஆடுகளங்கள்; எங்களிடம் உள்ளவை இவ்வளவுதான்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். கோயில் சமையற்கட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து, பெயர் எழுதிய சீட்டுகளை அதில் போட்டு, ஒரு சிறுமியை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார்கள். செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அது வாய் குறுகிய செம்பு. குழந்தையின் கை மணிக்கட்டு வரை உள்ளே போய்த் துழாவித் துழாவி வெளியே வந்தது. முதல் இரண்டு சீட்டுகளில் இருந்த பெயர்கள், இறுதிப் போட்டியில் மோதுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த இருவருடையவை. காலை எட்டரை மணிக்கு அவர்கள் ஆடிய ஆட்டம்தான் அந்தப் போட்டியிலேயே சிறந்த ஆட்டம். பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர், அவர்களிலும் பாதிப் பேர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள். மாலையில் கூட்டம் நிறைந்தபோது இறுதிப் போட்டி 6-0, 6-1 என்று பிரியாணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அது போதாதென்று, சீட்டுகளை எடுத்து அடுக்கியபோது அவற்றில் நான்கைந்து மட்டும் தடித்த நாள்காட்டி அட்டையில் வெட்டியவை என்று தெரிய வந்ததால், கைக்குத் தட்டுப்படும்படி யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. தாள் தீர்ந்துபோனதுதான் காரணம் என்பது எனக்குத் தெரியும். அதை யாரிடம் போய் மெய்ப்பிப்பது?

ஆகையால் இந்த ஆண்டு தொழில்முறை மகளிர் போட்டிகளில் பின்பற்றும் முறையையே நாமும் பின்பற்றலாம் என்று குழுவில் பேசியிருக்கிறோம். எனக்குத் தெளிவாகாதவை மூன்று. 23 என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு டிராவை, அதாவது யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலை, எப்படி அமைப்பது என்பது முதலாவது. எத்தனை பேருக்குப் போட்டித் தரநிலை கொடுப்பது, எதை வைத்துக் கொடுப்பது என்பது அடுத்தது. மூன்றாவதுதான் சங்கடமானது: முன்பு இரண்டு முறை பட்டம் வென்ற ஒரு சகோதரி, குழந்தை பெற்று, இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் ஆட வருகிறார். அண்மைக்கால முடிவுகளைப் பார்த்தால் அவருக்கு ஓர் இடமும் இல்லை. ஆட்டத்தைப் பார்த்தால் முதலிரண்டு பேரில் ஒருவர்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். 2022-இல் சென்னை ஓபன் இறுதிப் போட்டியை இங்கே வீட்டில் அமர்ந்து பார்த்தேன். தரநிலையே பெறாத 17 வயதுப் பெண் பட்டம் வென்றாள். அப்படியானால் இந்தத் தரநிலையெல்லாம் எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டோங்காட் பயிற்றுநர் எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்; அது விளங்கினால் மற்றவை எளிதாகிவிடும்.

போட்டித் தரநிலை என்பதை ஒரு பரிசாகவோ, இவர்தான் வெல்வார் என்ற கணிப்பாகவோ நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. வலுவானவர்கள் என்று அறியப்பட்டவர்கள் தொடக்கத்திலேயே ஒருவரோடொருவர் மோதி வெளியேறிவிடாமல், அவர்களை டிராவின் வெவ்வேறு மூலைகளில் பிரித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்ததைத் தடுப்பதற்கு மட்டும்தான் அது ஏற்பட்டது. கணக்கைப் பாருங்கள்: 32 பேரை முழுக்க முழுக்கக் குலுக்கிப் போட்டால், மிகச் சிறந்த இருவர் முதல் சுற்றிலேயே சந்திக்க 31-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஆனால் இருவரும் டிராவின் ஒரே பாதியில் விழுந்து, இறுதிப் போட்டியில் சந்திக்கவே முடியாமல் போவதற்கு 31-இல் 15 வாய்ப்புகள் உண்டு. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. சென்ற ஆண்டு உங்களுக்கு வாய்த்தது அரிய விபத்து. அதைவிடச் சிறிய விபத்து ஏறக்குறைய ஓராண்டு விட்டு ஓராண்டு நடந்துகொண்டிருந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் பார்த்த சென்னைப் போட்டி நுங்கம்பாக்கம் அரங்கில் 2022 செப்டம்பரில் நடந்தது. மகளிர் டென்னிஸ் சங்கத்தின் 250 புள்ளி வகுப்பைச் சேர்ந்த அந்தப் போட்டியின் ஒற்றையர் பிரிவில் 32 பேர், அதாவது ஐந்து சுற்றுகள். செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா உலகத் தரவரிசையில் 100-க்கு வெளியே இருந்தவர். இறுதிப் போட்டியில் போலந்தின் மாக்தா லினெட்டை 4-6, 6-3, 6-4 என்ற கணக்கில் வென்றார். அதிலும் மூன்றாவது செட்டில் 1-4 என்று பின்தங்கியிருந்து, அடுத்தடுத்து ஐந்து கேம்களை எடுத்தார். லினெட் தரநிலை பெற்றவர். அவர் இறுதி வரை வந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; தரநிலை தன் வேலையைச் செய்திருக்கிறது. மற்றது ஆடுகளத்தில் நடந்த வேலை. 1999 விம்பிள்டனில் முதல் தரநிலை பெற்றிருந்த மார்ட்டினா ஹிங்கிஸ், தகுதிச்சுற்றில் ஆடி உள்ளே வந்த 16 வயது யெலேனா டோகிச்சிடம் முதல் சுற்றிலேயே 6-2, 6-0 என்று தோற்றார். 2023-இல் மார்கேட்டா வோண்ட்ரூசோவா தரநிலை இல்லாமலேயே விம்பிள்டன் பட்டத்தை வென்றார். ஓபன் காலத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968 முதல், அங்கே அப்படி வென்ற முதல் பெண் அவர்தான். இவற்றையெல்லாம் தரநிலையின் தோல்வி என்று யாரும் சொல்வதில்லை.

இனி உங்கள் 23 பேர். தோற்றவர் உடனே வெளியேறும் நாக்அவுட் டிரா 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டேதான் போக முடியும். ஆகவே 32 வரிகள் கொண்ட தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 32-இல் 23 போக மீதம் 9. அந்த ஒன்பது வரிகளிலும் ‘பை’ என்று எழுத வேண்டும். பைக்கு எதிரே இருப்பவர் முதல் சுற்றை ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போவார். இப்படி ஒன்பது பேர் நேராகச் செல்ல, எஞ்சிய 14 பேர் முதல் சுற்றில் ஏழு ஆட்டங்கள் ஆடுவார்கள். ஏழும் ஒன்பதும் சேர்ந்து 16, அங்கிருந்து டிரா சமமாக ஓடும். மொத்தம் 22 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியேற்றுகிறது, 22 பேர் வெளியேற வேண்டும், அதனால் 22. எழுதி முடித்தபின் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை. பைகளை இரண்டாம் சுற்றில் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது, எல்லாம் முதல் சுற்றோடு தீர்ந்துவிட வேண்டும்.

32 வரி டிராவில் வழக்கமாக எட்டுப் பேருக்குத் தரநிலை தருவார்கள். முதல் தரநிலை 1-ஆம் வரியில், இரண்டாம் தரநிலை 32-ஆம் வரியில். இவை நிலையான இடங்கள், இங்கே குலுக்கல் இல்லை. மூன்று, நான்கு ஆகிய இருவரையும் 9, 24 ஆகிய வரிகளில் குலுக்கிப் போடுவார்கள். ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர்கள் 8, 16, 17, 25 ஆகிய வரிகளில் குலுக்கலில் அமர்வார்கள். பைகளை முதலில் தரநிலை பெற்றவர்களுக்கு வரிசைப்படி கொடுத்து, மிஞ்சியதைக் குலுக்கலுக்கு விட வேண்டும். மற்றப் பெயர்கள் எல்லாம் எஞ்சிய வரிகளில் குலுக்கல்தான். இதைத் தாளில் ஒருமுறை வரைந்து பாருங்கள், எட்டுப் பேரும் காலிறுதி வரை ஒருவர் கண்ணில் ஒருவர் பட மாட்டார்கள் என்பது தெரியும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் முதியவர் எழுதியது:

பயிற்றுநர் தம்பி முறையாகச் சொல்லிவிட்டார். எதை வைத்துத் தரநிலை கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் போட்டிகளில் சண்டை மூள்வது அங்கேதான்.

நம் நாட்டு அமாண்டா குட்சரை இளையவர்கள் மறந்திருக்கலாம். ஐந்தடி இரண்டங்குலம் உயரம். 1997-இல் ஆஸ்திரேலிய ஓபன் நான்காவது சுற்றில் அவர் ஸ்டெஃபி கிராஃபைத் தோற்கடித்தபோது, அந்தப் போட்டியின் முதல் தரநிலை கிராஃபுடையது. இதை ஒரு நாள் கூத்து என்று பலரும் எண்ணினார்கள். மே மாதம் பெர்லினில், கிராஃபின் சொந்த நாட்டிலேயே, 6-0, 6-1 என்று மறுபடியும் வென்றார். அடுத்த சில வாரங்களில் பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் மூன்றாவது முறை. ஒரே ஆண்டில் மூன்று! அந்த மூன்றாவது வெற்றியின்போது நான் வேலை செய்த கடையில் வானொலியைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அதுவரை டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். அரையிறுதியில் இவா மாயோலியிடம் மூன்று செட்டுகளில் தோற்றார். மாயோலி அப்படியே போய்ப் பட்டத்தையும் வென்றார். அந்த ஆண்டு முடியுமுன் குட்சர் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடத்தைத் தொட்டார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பழைய பெயரை வைத்துத் தரநிலை கொடுத்தால் அது பொய்யாகிவிடும். மகளிர் டென்னிஸ் சங்கத்தின் தரவரிசை எப்போதும் கடந்த 52 வாரங்களை மட்டும் பார்க்கிறது. சென்ற ஆண்டு இதே வாரத்தில் பெற்ற புள்ளி இந்த ஆண்டு இதே வாரத்தில் கழிந்துவிடும்; அதைக் காப்பாற்ற வேண்டுமானால் மறுபடியும் ஆடி வெல்ல வேண்டும். அதனால்தான் சென்ற ஆண்டு சாம்பியன் இந்த ஆண்டு முதல் சுற்றில் தோற்றால், ஒரே நாளில் தரவரிசையில் சரிந்துவிடுகிறார். 250 வகுப்புப் போட்டியில் பட்டம் வென்றால் 250 புள்ளி, இறுதியில் தோற்றால் 163, அரையிறுதியில் தோற்றால் 98, காலிறுதியில் 54, இரண்டாம் சுற்றில் 30, முதல் சுற்றில் தோற்றவருக்கு வெறும் 1. விம்பிள்டன் போன்ற நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் சாம்பியனுக்கு 2000. நீங்கள் இவ்வளவு செய்ய வேண்டியதில்லை. சென்ற ஆண்டு உங்கள் போட்டியிலும், உங்கள் ஆட்டக்காரர்கள் போய் ஆடிய பக்கத்து வட்டாரப் போட்டிகளிலும் யார் எந்தச் சுற்று வரை வந்தார் என்பதை எழுதி, அந்தப் பட்டியலைக் குலுக்கலுக்கு முன்பே சுவரில் ஒட்டிவிடுங்கள். குழு உறுப்பினரின் மகள், மருமகள் என்ற பேச்சுக்கு அப்போது இடமே இருக்காது.

இன்னொரு செய்தி, சிறிது விலகிப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிரா எவ்வளவு நேர்மையாகக் குலுக்கப்பட்டாலும், செம்புக்குள் யார் பெயர் போகிறது என்பது அதற்கு முந்தைய கேள்வி. ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் நடந்த தென்னாப்பிரிக்கச் சாம்பியன்ஷிப்பின் மகளிர் பிரிவில், 1971-இல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்ணான ஈவான் கூலகாங் வந்து ஆடினார். அதே ஆண்டு பின்னர் பிரெஞ்சுப் பட்டத்தையும் விம்பிள்டனையும் வென்றவர் அவர். அப்படிப்பட்டவரையும் ‘கௌரவ வெள்ளையர்’ என்று ஒரு பெயர் சூட்டித்தான் அன்றைய நிறவெறி அரசு நாட்டுக்குள் விட்டது. அடுத்த ஆண்டு அவர் அந்தப் பட்டத்தையும் வென்றார். நம் பெண்களின் பெயர்களை எழுதிப் போட அன்று அங்கே செம்பே இல்லை. உங்கள் 23 பெயர்களில் சங்கத்துக்கு வெளியே உள்ள பெண்களும், தமிழ் பேசாத பிள்ளைகளும் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

லெனேசியா வாசகி எழுதியது:

ஐயா, அந்தத் தாயாகிய சகோதரியைப் பற்றி யாரும் பேசாததால் நான் எழுதுகிறேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மட்டையைத் திரும்ப எடுத்தவள் என்ற முறையில் எனக்கு இதில் நடுநிலை இல்லை என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன்.

தொழில்முறை டென்னிஸ் இதே சிக்கலில் 2018-இல் மாட்டிக்கொண்டது. செரினா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் மகளைப் பெற்று, அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். பிரெஞ்சு ஓபனில் அவருக்குத் தரநிலை தரவில்லை. விம்பிள்டனில் அவருடைய தரவரிசை 183; ஆனால் அங்கே குழுவுக்கு இருந்த உரிமையைக் கொண்டு 25-ஆம் தரநிலை கொடுத்தார்கள். கிராண்ட் ஸ்லாமில் 32 பேருக்குத்தான் தரநிலை. ஒருவர் மேலிருந்து நுழைந்தால் ஒருவர் கீழே விழுந்தாக வேண்டும் அல்லவா? அப்போது தரவரிசையில் 32-ஆம் இடத்தில் இருந்த ஸ்லோவாக்கியாவின் டொமினிகா சிபுல்கோவா தரநிலையை இழந்தார். இது நியாயமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். முடிவு என்ன ஆனது தெரியுமா? செரினா இறுதிப் போட்டி வரை போய் ஏஞ்சலிக் கெர்பரிடம் தோற்றார். தரநிலை இழந்த சிபுல்கோவாவும் காலிறுதி வரை வந்தார். குழு செய்தது சரி, சிபுல்கோவாவின் குறையும் சரி. இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்ள எனக்குச் சில காலம் ஆயிற்று.

அதற்குப் பின் மகளிர் டென்னிஸ் சங்கம் ஒரு நடுவழியைக் கண்டது. குழந்தை பெற்றோ, நீண்ட காயத்துக்குப் பிறகோ திரும்புகிறவர், இடைவெளிக்கு முன் தமக்கு இருந்த தரவரிசையைச் சிறப்புத் தரவரிசை என்ற பெயரில் காட்டிப் போட்டிக்குள் நுழையலாம். அது தரநிலை ஆகாது. ஆனால் அந்தப் பழைய தரவரிசைக்குத் தரநிலை கிடைத்திருக்கும் என்றால், முதல் ஆட்டத்திலேயே தரநிலை பெற்ற ஒருவரோடு அவரை மோத விட மாட்டார்கள். யாருடைய இடமும் பறிபோகாது. திரும்பி வந்தவரும் வந்த வேகத்தில் வெளியேற மாட்டார். உங்களுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். முக்கியமானது ஒன்று: அந்தச் சகோதரியின் பெயரைச் சொல்லி விதி எழுதாதீர்கள். இத்தனை மாதத்துக்கு மேல் ஆடாமல் இருந்து திரும்பும் எவருக்கும் என்று பொதுவாக எழுதுங்கள்.

சனிக்கிழமை காலை யாராவது வராமல் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பெரிய போட்டிகளில் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களை ‘லக்கி லூசர்’ என்று அந்த இடத்துக்கு அழைப்பார்கள். 2019-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தகுதிச்சுற்றில் தோற்றுப்போன 15 வயது கோகோ காஃப், மரியா சக்கரி விலகியதால் அப்படி உள்ளே வந்து பட்டத்தையே வென்றார். உங்களிடம் தகுதிச்சுற்று இல்லை. பதிவு முடிந்த பிறகு பெயர் கொடுத்தவர்கள் இருந்தால் வந்த வரிசைப்படி ஒரு காத்திருப்புப் பட்டியல் போதும்.

மெரிபேங்க் ஆட்டக்காரர் எழுதியது:

பயிற்றுநர் ஐயா சொன்ன எட்டுத் தரநிலைகளில் எனக்கு உடன்பாடில்லை. தொழில்முறைப் போட்டியில் 32 பேருக்கும் தரவரிசை உண்டு. எட்டாவது இடத்தில் இருப்பவருக்கும் ஒன்பதாவது இடத்தில் இருப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிலேயே காட்டிவிடலாம். இங்கே அப்படியா? முதல் நான்கு பேர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. ஐந்திலிருந்து எட்டு வரை யார் என்று கேட்டால் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் சொல்வார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதி, அதற்கு ஒரு பையையும் சேர்த்துக் கொடுப்பதைவிட, நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2001 விம்பிள்டனுக்கு முன்பு வரை கிராண்ட் ஸ்லாமிலேயே 128 பேருக்கு 16 தரநிலைகள்தான் இருந்தன. அதாவது எட்டுப் பேருக்கு ஒன்று.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் சுற்றின் 7 ஆட்டங்களும் இரண்டாம் சுற்றின் 8 ஆட்டங்களும் சனிக்கிழமையே முடிய வேண்டும். இரண்டு ஆடுகளங்களில் 15 ஆட்டங்கள் என்றால், ஓர் ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் வைத்தாலும் பத்து மணி நேரம் பிடிக்கும். சனிக்கிழமை மட்டும் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக் (இரண்டு புள்ளி முன்னிலையோடு முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் வெல்வார்) வைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் ஸ்லாம்களில் 2022 முதல் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக்தான் ஆடுகிறார்கள். முழு செட்டையே அதனால் மாற்றுவது இரட்டையர் பிரிவின் வழக்கம் என்றாலும், நம் வெயிலுக்கு அது ஏற்றது. ஞாயிற்றுக்கிழமை மூன்று செட்டுகளும் முழுதாக இருக்கட்டும். வெயில் கடுமையாக இருந்தால் மகளிர் போட்டிகளில் இரண்டாவது செட்டுக்கும் மூன்றாவது செட்டுக்கும் இடையில் பத்து நிமிட ஓய்வு தருகிறார்கள். அதை மறக்காமல் விதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்பன் புழுக்கத்தில் மட்டையின் பிடி கையில் நிற்பதில்லை, துண்டு நனைந்து பிழியும் நிலைக்கு வந்துவிடும்.

மகளிர் இறுதிப் போட்டியைத் தயவுசெய்து நண்பகலில் வைக்காதீர்கள். ஆண்கள் இறுதிக்கு நிழல், மகளிர் இறுதிக்கு வெயில் என்பது எங்கள் சங்கத்தில் பல ஆண்டுகள் நடந்த கதை.

சாட்ஸ்வர்த் செயலாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு குழு கூடியது. நான்கு தரநிலைகள் என்று முடிவாயிற்று. பயிற்றுநர் ஐயா வருந்த மாட்டார் என்று நம்புகிறேன். முதியவர் ஐயா கேட்டதற்கும் சொல்கிறேன்: 23 பேரில் ஆறு பேர் சங்கத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள். திரும்பி வரும் சகோதரியைப் பற்றி லெனேசியா அம்மா சொன்ன நடுவழியே எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் தாளை விரித்துவைத்துப் பார்த்தபோது ஒரு முடிச்சு விழுந்தது. தரநிலை பெற்ற நால்வருக்கும் முதல் சுற்றில் பை இருக்கிறதே! முதல் சுற்றில் அவர்களோடு மோத விடக் கூடாது என்று விதி எழுதுவதில் பொருளே இல்லை. நால்வரும் அப்போது ஆடவே மாட்டார்கள். இதற்கு என்ன செய்வது?

டோங்காட் பயிற்றுநர் எழுதியது:

வருத்தம் ஒன்றும் இல்லை. மெரிபேங்க் தம்பி சொன்ன காரணம் சரியானது. எட்டு என்பது தரவரிசை உள்ள இடத்துக்கான எண்ணிக்கை.

முடிச்சை அவிழ்ப்பது எளிது. விதியை ‘முதல் சுற்றில்’ என்று எழுதாமல் ‘தரநிலை பெற்றவரின் முதல் ஆட்டத்தில்’ என்று எழுதுங்கள். 1-ஆம் வரியில் இருப்பவர் இரண்டாம் சுற்றில் 3, 4 ஆகிய வரிகளிலிருந்து வருபவரைச் சந்திப்பார். 9-ஆம் வரிக்கு 11, 12. 24-ஆம் வரிக்கு 21, 22. 32-ஆம் வரிக்கு 29, 30. இந்த எட்டு வரிகளில் அந்தச் சகோதரியின் எண் விழுந்தால், அடுத்துக் காலியாக உள்ள வேறு வரிக்கு அவரைத் தள்ளிவிட்டு, அடுத்து வரும் எண்ணை அங்கே எழுதுங்கள். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குலுக்கல் நடக்கும்போது சொன்னால் நாள்காட்டி அட்டைக் கதைதான்.

பைகளையும் பரப்பியே வைக்க வேண்டும். 32 வரிகளை எட்டு எட்டாக நான்கு பகுதிகளாகப் பிரித்தால், தரநிலை பெற்றவர் ஒருவருக்கு ஒன்று வீதம் நான்கு பைகள் போய்விடும். எஞ்சிய ஐந்தில் பகுதிக்கு ஒன்றாக நான்கு. மிஞ்சும் ஒன்றை எந்தப் பகுதியில் வைப்பது என்பதைக் குலுக்கிக்கொள்ளுங்கள். மூன்று பகுதிகளில் ஆறு ஆறு பேர், ஒன்றில் மட்டும் ஐந்து பேர் இருப்பார்கள்.

இனிச் செம்பு. சீட்டே வேண்டாம் ஐயா. நால்வருக்குத் தரநிலை போக உங்களிடம் 19 பெயர்கள் மீதம் உள்ளன. கேரம் பலகையில் கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. சரியாக 19 காய்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே தடிமன். ஒவ்வொன்றிலும் 1 முதல் 19 வரை எண்ணை ஒட்டி, எந்த எண் யாருக்கு என்ற பட்டியலைச் சுவரில் மாட்டிவிட்டு, வாய் அகன்ற ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்குங்கள். பெயரை யாரும் தொடுவதில்லை. எடுப்பவர் ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய போட்டிகளிலும் வீராங்கனைகளை மேடைக்கு அழைத்து எடுக்கச் சொல்வதுண்டு.

சாட்ஸ்வர்த் செயலாளர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஆடுகிறவர்கள் அனைவர் முன்னிலையிலும் குலுக்கல் என்று இன்று காலையே அறிவிப்பு ஒட்டிவிட்டேன். இறுதிப் போட்டி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. மரங்களின் நிழல் அதற்குள் ஆடுகளத்தின் பாதியை எட்டிவிடும்.

ஒரே ஒரு தொல்லை. எங்கள் வீட்டுக் கேரம் பலகையை இறக்கி எண்ணிப் பார்த்தேன்; வெள்ளையில் ஒன்று குறைகிறது. அதன் இடத்தில் என் பேரன் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். பொத்தானைப் பையில் போட்டால் இந்த ஆண்டும் என் கதை முடிந்தது. உங்கள் பலகையின் காய்களை வெள்ளிக்கிழமை வரும்போது கொண்டுவர முடியுமா?

டோங்காட் பயிற்றுநர் எழுதியது:

கொண்டுவருகிறேன். இப்போதுதான் எண்ணினேன், 19-ம் இருக்கின்றன.